முன்கண்ணாடி மாற்றிய பிறகு அடாஸ் கேமரா காலிபிரேஷன்: தொடக்கம் முதல் முடிவு வரை

முன்கண்ணாடி மாற்றி இரண்டு வாரம் ஆன, அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள் உள்ள ஒரு கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. ஓட்டுபவர் சொன்ன புகார் இவ்வளவுதான்: "லேன் அசிஸ்ட் போட்டால் கார் நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது. இடது கோட்டை ஒட்டியே போகிறது. நடுவுக்குக் கொண்டுவந்தால் ஸ்டியரிங் மறுபடி இழுக்கிறது." வீல் அலைன்மென்ட் பார்த்தோம், சரியாக இருந்தது. டயர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் சென்சார் எதிலும் குறையில்லை. ஸ்கேனரை மாட்டிக் கேமராவின் பதிவுகளைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய கண்ணாடிக்குச் செய்த காலிபிரேஷன் அளவுகளே, அதாவது கேமரா எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று அளந்து பதிந்த கணக்கே, அதில் இன்னும் இருந்தன. கண்ணாடி புதிது, கேமரா உட்கார்ந்திருக்கும் கோணம் புதிது, கணக்கு மட்டும் பழையது.

அந்தக் கார் ஏன் எச்சரிக்கவில்லை என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கேமரா கழன்றால் காருக்குத் தெரியும், வயர் அறுந்தால் தெரியும், கண்ணாடியில் பனி மூடினால்கூடத் தெரியும். ஆனால் தான் அரை டிகிரி கோணலாக உட்கார்ந்திருப்பது கேமராவுக்குத் தெரியாது. அதற்கு அதுதான் நேர். சில மாடல்கள் கேமராவைக் கழற்றி மாட்டியதும் காலிபிரேஷன் கேட்டு விளக்கு எரிய விடும். பல மாடல்கள் அப்படிச் செய்வதில்லை. விளக்கு எரியாததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதால்தான் இந்த வேலையை வரிசையாக, அளந்து அளந்து செய்ய வேண்டியிருக்கிறது.

கார் வைத்திருப்பவர்களும் படிக்கலாம், பட்டறையில் இந்த வேலையைக் கற்றுக்கொள்பவர்களும் படிக்கலாம். கேமராவுக்கு எதிரே டார்கெட் என்ற கறுப்பு வெள்ளை வடிவப் பலகை வைத்துச் செய்யும் காலிபிரேஷனை வீட்டு முற்றத்தில் செய்ய முடியாது. ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்த வாடிக்கையாளரை ஏமாற்றுவது கடினம்.

அரை டிகிரி என்ன செய்யும்?

பெரும்பாலான கார்களில் முன்பக்கக் கேமரா, ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் ஒட்டிய ஒரு பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். லேன் தாண்டினால் எச்சரிப்பது, லேனுக்குள் பிடித்து வைப்பது, மோதப்போகிறது என்றால் தானாக பிரேக் போடுவது, வேகப் பலகையைப் படிப்பது, எதிரே வண்டி வந்தால் ஹைபீமை இறக்குவது என இத்தனை வேலைக்கும் அந்தக் கண்தான்.

கேமரா மூன்று விதமாகக் கோணலாகலாம். இடமோ வலமோ திரும்பியிருக்கலாம். ஸ்கேனரில் இது யா என்று வரும். மேலோ கீழோ சாய்ந்திருக்கலாம், அது பிட்ச். படம் மாட்டிய ஆணியில் சரிந்ததுபோல உருண்டிருக்கலாம், அது ரோல்.

இடவலக் கோணலை முதலில் பாருங்கள். 1 டிகிரி திரும்பினால் 100 மீட்டர் தொலைவில் 1.75 மீட்டர் விலகும். நெடுஞ்சாலை லேன் ஒன்றின் அகலம் சுமார் 3.5 மீட்டர் என்று வைத்தால், அது பாதி லேன். பக்கத்து லேனில் போகும் லாரியை நம் லேனில் போவதாக நினைத்து பிரேக் போடவும், நம் முன்னே நிற்கும் வண்டியைப் பக்கத்து லேனில் இருப்பதாக நினைத்து விட்டுவிடவும் இது போதும்.

மேல்கீழ் சாய்வு இன்னும் நுட்பமானது. ஒற்றைக் கேமரா தூரத்தைக் கணிக்கும் வழிகளில் ஒன்று, முன்னால் இருக்கும் வண்டியின் சக்கரம் தரையைத் தொடும் இடம் தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்ப்பது. கேமரா தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டி ஏறத்தாழ 1.43 டிகிரி கீழே தெரியும். சாய்வில் வெறும் 0.2 டிகிரி பிழை வந்தால் போதும். அதே வண்டி 44 மீட்டரில் இருப்பதாகவோ 58 மீட்டரில் இருப்பதாகவோ கணக்கு மாறிவிடும். ரேடாரும் சேர்ந்த கார்களில் தூரத்தை ரேடார் தனியே அளப்பதால் இந்தப் பிழை ஓரளவு அடங்கும். கேமராவை மட்டும் நம்பிய கார்களில் அந்தத் துணையும் கிடையாது.

0.2 டிகிரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு மூன்று இடங்களில் அது திரும்ப வரும்.

கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்

முதல் வேலை ஸ்கேன். ஓபிடி போர்ட்டில் (காரின் கணினிகளோடு பேச உதவும் சொருகிடம்) ஸ்கேனரை மாட்டி, கேமராவில் மட்டுமல்ல, எல்லா மாட்யூல்களிலும் (கட்டுப்பாட்டுக் கணினிகளிலும்) இருக்கும் கோளாறுக் குறியீடுகளை எடுத்துச் சேமிக்கவும். ஏற்கெனவே இருந்த கோளாறு எது, நம் வேலையால் வந்தது எது என்று பிறகு பிரிக்க இதைவிட்டால் வழியில்லை. ஸ்டியரிங் சென்சாரிலோ ஏபிஎஸ்ஸிலோ பழைய கோளாறு இருந்தால், கேமரா காலிபிரேஷன் தொடங்கவே மறுக்கலாம். அதைக் கண்ணாடி போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

அடுத்து, இந்த மாடலுக்கு எந்த வகைக் காலிபிரேஷன் வேண்டும் என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆவணத்தில் பாருங்கள். நிறுத்திவைத்து டார்கெட் பலகை காட்டிச் செய்வது ஸ்டாட்டிக். சாலையில் ஓட்டிச் செய்வது டைனமிக். சில கார்களுக்கு இரண்டும் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட வரிசையில். ஒரே மாடலின் அடுத்தடுத்த ஆண்டு வண்டிகளுக்கே முறை மாறியிருக்கலாம். ஆகவே போன மாதம் செய்த ஞாபகத்தை நம்பாமல், வின் எனப்படும் காரின் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுவதுதான் சரி.

கண்ணாடியைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியது ஒன்றிரண்டு அல்ல. காரில் வேக எண்ணை முன்கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்அப் டிஸ்ப்ளே இருக்கிறதா? இருந்தால் கண்ணாடிக்குள் இருக்கும் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் ஆப்பு வடிவில், மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி போட்டால் வேக எண் இரட்டையாகத் தெரியும். கேமரா பார்க்கும் இடத்தில் பனி நீக்கும் சூடேற்றி உண்டா? மழை சென்சார் உண்டா? சத்தம் குறைக்கும் படலம் உண்டா? எல்லாம் பொருந்தும் கண்ணாடியே வேண்டும்.

கேமராவைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கேமரா பார்க்கும் சன்னலில் கண்ணாடியின் தெளிவு. அங்கே லேசான அலைபோன்ற நெளிவு இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு கோடு வளைந்து தெரியும். இரண்டாவது, பிராக்கெட். அது தொழிற்சாலையிலேயே கண்ணாடியில் ஒட்டி வருகிறது. ஒட்டிய இடமோ கோணமோ தப்பினால் என்ன செய்தாலும் கேமரா நேராகாது. பிராக்கெட் இல்லாத கண்ணாடியை வாங்கி, பழையதைப் பெயர்த்து ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார் நிறுவனத்தின் கண்ணாடிதான் வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் வலியுறுத்துகிறார்கள். அகலமாக விலகிய இரு கேமராக்கள் வைத்த சுபாருவின் ஐசைட் போன்ற அமைப்புகளில், இரண்டு கண்களும் பார்க்கும் படங்களின் சிறு வேறுபாட்டிலிருந்துதான் தூரம் கணக்கிடப்படுகிறது. அங்கே கண்ணாடியில் சமரசம் செய்ய எனக்குத் துணிவு இல்லை.

கண்ணாடி உட்காரும் விதம்

காலிபிரேஷன் தோற்றுப்போவதற்கான விதை பலமுறை இங்கேதான் விழுகிறது. பாலியூரித்தேன் பசையைச் சட்டத்தைச் சுற்றி ஒரே உயரத்தில் இழுக்க வேண்டும். மேல்விளிம்பில் மட்டும் 3 மி.மீ. கூடுதலாகக் கண்ணாடி உயர்ந்து நின்றால், சாய்ந்த கண்ணாடியின் நீளம் 90 செ.மீ. என்று கொண்டால், சாய்வு 0.19 டிகிரி மாறும். மேலே பார்த்த 0.2 டிகிரி இதுதான். காலிபிரேஷன் இதைச் சரிக்கட்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் சரிக்கட்டும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டினால் எத்தனை முறை முயன்றாலும் ஸ்கேனர் மறுக்கும்.

பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகுவது. எவ்வளவு நேரத்தில் காரை நகர்த்தலாம் என்பது பசைக்குப் பசை மாறும்; சிலவற்றுக்கு அரைமணி, சிலவற்றுக்குப் பல மணி. குளிரிலும் வறண்ட காற்றிலும் நேரம் கூடும். பசைத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் அன்றைய வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. இது காலிபிரேஷனுக்கு மட்டும் தேவையான பொறுமை அல்ல. பல கார்களில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. பசை இறுகாத கண்ணாடி அந்த உதையைத் தாங்காது. கண்ணாடி இன்னும் அசைய வாய்ப்புள்ள நிலையில் கேமராவை அளந்து பதிவதிலும் பொருளில்லை.

கேமராவை மாட்டுவதற்கு முன், அது பார்க்கும் சன்னலை உள்பக்கமாகத் துடைத்து, டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். கைரேகை, பசைத் துளி, துணி இழை எதுவும் இருக்கக் கூடாது. மாட்டி மூடிய பிறகு அந்த இடத்தை யாரும் திறந்து துடைக்கப் போவதில்லை. லென்ஸை விரலால் தொடாதீர்கள். கிளிப்புகள் எல்லாம் முழுதாக விழுந்த சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கிளிப் பாதி விழுந்த நிலையில் காலிபிரேஷன் முடிந்துவிடும், பிறகு ஒரு குழியில் கார் குதிக்கும்போது கேமரா மீதியும் உள்ளே போய், செய்ததெல்லாம் வீணாகும். மழை சென்சாரின் ஜெல் பட்டை கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். நடுவே காற்றுக்குமிழி நின்றால் வைப்பர் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

காரைத் தயார் செய்தல்

டயர்களில் காற்று, குளிர்ந்த நிலையில், கதவோரத் தாளில் அச்சிட்ட அளவுக்கு. நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பது முக்கியம். டிக்கியைக் காலி செய்யுங்கள். பின் இருக்கையில் கிடக்கும் பையையும் எடுங்கள். எரிபொருள் முழுதாக இருக்க வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள், சிலர் வேறு அளவு சொல்கிறார்கள். 45 லிட்டர் பெட்ரோல் சுமார் 33 கிலோ. அது பின்பக்கத்தில் இருப்பதால் காரின் மூக்கு சற்று மேலே போகும். எனவே ஆவணத்தில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

ஸ்பிரிங் மாற்றி உயர்த்திய, தாழ்த்திய கார், அளவு மாறிய டயர் போட்ட கார் வந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் பேசிவிடுங்கள். தயாரிப்பாளர் தந்த அளவுகள் எல்லாம் காரின் மூல உயரத்துக்கானவை. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் சிலவற்றில், நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து ஸ்கேனரில் நாமே உள்ளிட வேண்டும்.

வீல் அலைன்மென்ட்டில் தனிக் கவனம் வேண்டும். கார் நேராகப் போகும் திசையை முடிவு செய்வது பின்சக்கரங்கள். பின் அச்சு சற்றுத் திரும்பியிருந்தால், உடலின் நடுக்கோடு ஒரு பக்கமும் கார் உண்மையில் நகரும் திசை வேறு பக்கமும் காட்டும். இரண்டாவதைத்தான் திரஸ்ட் லைன் என்கிறோம். கேமரா அந்தத் திசையோடு பொருந்த வேண்டும். பின்சக்கர அலைன்மென்ட் தப்பிய காரில் செய்த காலிபிரேஷன், தப்பான திசையை மிகத் துல்லியமாகப் பதிந்து வைக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் அலைன்மென்ட்டை முதலில் முடித்துவிடுங்கள். வரிசையைத் தலைகீழாகச் செய்தால் காலிபிரேஷனை மறுபடி செய்ய வேண்டிவரும்.

பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். சுவிட்ச் போட்ட நிலையில் கார் நீண்ட நேரம் நிற்கும். நடுவில் மின்னழுத்தம் இறங்கினால் பதிவு பாதியில் நின்றுவிடும். ஸ்டியரிங் நேராக. கதவுகளும் பானெட்டும் மூடியிருக்கட்டும். காருக்குள் யாரும் உட்காரக் கூடாது என்று ஆவணம் சொன்னால், உட்காரக் கூடாது.

இடம், தரை, வெளிச்சம்

கார் நிற்கும் தரையும் டார்கெட் நிற்கும் தரையும் ஒரே தளமாக இருக்க வேண்டும். சக்கர இடைவெளி 2.6 மீட்டர் உள்ள காரில், முன்சக்கரங்கள் நிற்கும் இடம் 9 மி.மீ. தாழ்ந்தால் கார் 0.2 டிகிரி குனிகிறது. மறுபடியும் அதே எண். 9 மி.மீ. என்பது ஒரு சாதாரண சிமென்ட் தரையின் நீர்வாட்டத்திலேயே வந்துவிடும். நீளமான ரசமட்டமோ லேசர் மட்டமோ வைத்து, நான்கு சக்கரப் புள்ளிகளையும் டார்கெட் நிற்கும் இடத்தையும் ஒருமுறை அளந்து, தரையில் குறித்துவிட்டால் அடுத்த காருக்கு அந்த வேலை மிச்சம்.

வெளிச்சம் சீராகப் பரவியிருக்க வேண்டும். பக்கவாட்டு ஷட்டர் வழியாக வெயில் விழுந்து டார்கெட் பாதி பளபளத்து, பாதி நிழலில் இருந்தால் கேமரா தடுமாறும். பின்னால் சதுரம் சதுரமான டைல்ஸ் சுவர், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விளம்பரப் பலகை, கண்ணாடிக் கதவு எதுவும் வேண்டாம். டார்கெட் என்பதே கறுப்பு வெள்ளை வடிவம். அதுபோன்ற இன்னொன்று பின்னணியில் இருந்தால் கேமரா எதைப் பார்ப்பது?

டார்கெட் வைத்தல்

மேஸ்திரி சுவர் எழுப்பும் முன் நூல் பிடிப்பார் அல்லவா, அதே வேலைதான் இது. கல் வைப்பது பிறகு.

முதலில் நடுக்கோடு. அச்சுகளை வைத்துத்தான் எடுக்க வேண்டும், பம்பரை வைத்து அல்ல. இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொடக்க நாட்களில் ஒரு காருக்கு பம்பரின் இரு முனைகளிலிருந்து அளந்து டார்கெட்டை வைத்தேன். ஸ்கேனரில் பச்சை வந்தது, வண்டியைச் சோதனை ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். எடுத்துப் போன சக தொழிலாளி திரும்பி வந்து, லேன் கோடுகள் திரையில் ஒரு பக்கமாகவே தெரிகின்றன என்றார். அந்த பம்பர் முன்பு எப்போதோ இடிபட்டு மாற்றப்பட்டது. ஒரு பக்கம் 12 மி.மீ. முன்னால் நின்றது. அன்றிலிருந்து பம்பரை நான் அளவுக்கு நம்புவதில்லை.

சக்கர நடுவில் கிளாம்ப் மாட்டி லேசர் அடிக்கும் கருவி இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் தூக்குக்குண்டு. இரு முன்சக்கரங்களின் நடுப்புள்ளியிலிருந்து தரைக்குக் குண்டு இறக்கிக் குறி வையுங்கள், பின்சக்கரங்களுக்கும் அப்படியே. முன்குறிகளின் நடு, பின்குறிகளின் நடு, இரண்டையும் இணைத்துக் காருக்கு முன்னால் நீட்டினால் காரின் நடுக்கோடு கிடைக்கும். ஆவணம் திரஸ்ட் லைனைக் கேட்டால், அலைன்மென்ட் கருவி காட்டும் பின் அச்சின் திசையை இதோடு சரிபார்க்க வேண்டும்.

அடுத்து தூரம். எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு உண்டு. ஒருவர் முன்சக்கர நடுவிலிருந்து சொல்வார், ஒருவர் கேமரா லென்ஸிலிருந்து, ஒருவர் காரின் சின்னத்திலிருந்து. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு தொடக்கப் புள்ளியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

டார்கெட் நடுக்கோட்டில் நிற்கிறதா என்பதுதான் அதிகம் தண்டிக்கும் அளவு. டார்கெட் 1.5 மீட்டரில் நிற்கும் முறையில், அது 10 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி நின்றால் கேமரா 0.38 டிகிரி தவறாகக் கற்றுக்கொள்ளும். 100 மீட்டரில் அது சுமார் 67 செ.மீ. அதே 10 மி.மீ. பிழை 4 மீட்டர் தூரத்தில் நடந்தால் விலகல் சுமார் 25 செ.மீ.தான். அருகில் வைக்கும் டார்கெட்டுக்கு அதிகக் கவனம் தேவை என்பது இதனால்தான். இடம் குறைவு என்று மகிழ வேண்டாம்.

பிறகு, பலகை காருக்கு எதிரே சதுரமாக நிற்க வேண்டும். பலகையின் இடமுனையிலிருந்து இடப் பின்சக்கரக் குறிக்கும், வலமுனையிலிருந்து வலப் பின்சக்கரக் குறிக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். குறுக்காகவும் ஒருமுறை பிடியுங்கள். பலகையின் உயரத்தைத் தரையிலிருந்து இரு முனைகளிலும் அளந்து, மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் மீண்டும் தூரத்தை அளங்கள், ஏனென்றால் சதுரம் பார்க்கும்போது ஸ்டாண்ட் நகர்ந்திருக்கும். வேறொருவரை அழைத்து, உங்கள் எண்களைச் சொல்லாமல் அவரை அளக்கச் சொல்வது இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகலாம். ஸ்கேனரில் நடக்கும் வேலைக்குச் சில நிமிடங்கள் போதும். கேமரா மாட்யூலைத் தேர்ந்து, காலிபிரேஷன் தொடங்கு என்று அழுத்தி, கேட்கும் அளவுகளை உள்ளிட்டு, காரைத் தொடாமல் தள்ளி நில்லுங்கள். முடிந்ததும் யா, பிட்ச், ரோல் எவ்வளவு திருத்தப்பட்டது என்று காட்டும் கார்களில் அந்த எண்களைக் கட்டாயம் படியுங்கள். வெற்றி என்று வந்தாலும், ஏதாவது ஒரு எண் வரம்பின் ஓரத்தில் நின்றால் நான் காரை விடமாட்டேன். பிராக்கெட்டையும் டார்கெட்டையும் மறுபடி பார்ப்பேன். தவறாக வைத்த டார்கெட்டையும் கேமரா சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். அது வரம்புக்குள் இருந்தால் போதும்.

சாலையில் ஓட்டிச் செய்வது

டைனமிக் முறையில் டார்கெட்டுக்குப் பதில் சாலையே பலகை. ஸ்கேனரில் தொடங்கிவிட்டு, ஆவணம் சொல்லும் வேகத்தில், கோடுகள் தெளிவாக இருக்கும் சாலையில் சீராக ஓட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் கார்களும் உண்டு, ஒரு மணி நேரம் எடுப்பவையும் உண்டு. மழை, மூடுபனி, எதிரே விழும் மாலை வெயில், அழிந்த கோடுகள், அடிக்கடி நிற்கும் நெரிசல் எல்லாம் இதைக் கெடுக்கும். நல்ல சாலையும் நல்ல நேரமும் கிடைக்காவிட்டால் அன்று ஓட்டாமல் இருப்பதே மேல்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க. முடிந்த சதவீதம் ஏறுகிறதா என்று ஓட்டுநரே எட்டிப் பார்ப்பது, தானாக பிரேக் போடும் வசதி இன்னும் சரியாகாத காரில், மிக ஆபத்தானது.

டெஸ்லாவில் முறை வேறு. கண்ணாடி மாற்றியபின் காலிபிரேஷனைத் திரையிலிருந்தே அழித்துவிட்டு ஓட்டினால் கார் தானே கற்கும். பொதுவாக 32 முதல் 40 கிலோமீட்டருக்குள் முடியும். கோடு தெளிவான, நேரான சாலையில் சீக்கிரம் முடியும். டார்கெட் வேண்டாம் என்பதால் கண்ணாடியின் தரமும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

நின்றுவிட்டால் எங்கே தேடுவது?

ஸ்கேனர் மறுத்தால் உடனே கேமரா கெட்டுவிட்டது என்று புதியதுக்கு ஆர்டர் போடாதீர்கள். கேமரா கெட்டிருப்பது அரிது. முதலில் டார்கெட் சரியானதா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பலகைகள் இருக்கும். பிறகு வெளிச்சமும் பின்னணியும். அடுத்து மின்னழுத்தம். ஸ்கேனரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, கண்ணாடியின் வகை காரில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில கார்களில் கண்ணாடி வகையையும் கோடிங்கில், அதாவது காரின் மென்பொருள் அமைப்பில், மாற்ற வேண்டும். கடைசியில்தான் கண்ணாடியையும் பிராக்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும், ஆனால் சந்தேகம் உறுதியானால் தயங்காமல் கண்ணாடியை மாற்றச் சொல்ல வேண்டும். ஒட்டிய கண்ணாடியைத் திரும்பப் பெயர்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. இருந்தாலும் அந்தக் காரில் ஒரு குடும்பம் போகும்.

கேமராவின் பார்வைக்குள் வரும்படி ஒட்டிய டேஷ்கேம், ஸ்டிக்கர், கண்ணாடியின் மேல்பகுதியில் ஒட்டிய கூலிங் பிலிம் ஆகியவையும் காரணமாகலாம். காலிபிரேஷன் முடிந்த மறுநாள் இவற்றை ஒட்டிவிட்டு, கேமரா வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் உண்டு. அதனால் காரைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

சரிபார்த்துக் கொடுத்தல், வாங்கிக்கொள்ளுதல்

முடிந்ததும் எல்லா மாட்யூல்களையும் மறுபடி ஸ்கேன் செய்து, முதலில் எடுத்த பட்டியலோடு ஒப்பிடவும். பிறகு சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரு பக்கக் கோடுகளையும் கார் ஒரே மாதிரி அடையாளம் காண்கிறதா? இடப்பக்கம் கோட்டை நெருங்கும்போது வரும் எச்சரிக்கையும் வலப்பக்கம் வருவதும் ஒரே தூரத்தில் வருகின்றனவா? லேனின் நடுவில் பிடிக்கும் வசதி உண்மையிலேயே நடுவில் பிடிக்கிறதா? வேகப் பலகைகளைப் படிக்கிறதா?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அட்டைப்பெட்டியை வைத்தோ, ஒருவரை நடக்கவிட்டோ தானியங்கி பிரேக் வேலை செய்கிறதா என்று சோதிக்கக் கூடாது. அட்டைப்பெட்டியைக் கேமரா வண்டியாகவோ மனிதராகவோ கருத வேண்டியதில்லை, ஆகவே பிரேக் போடாவிட்டாலும் அதிலிருந்து எதுவும் தெரியாது. மனிதரை நிறுத்திச் சோதிப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கார் உரிமையாளர் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கைகள், காலிபிரேஷன் முடிந்த தேதியும் கிலோமீட்டரும் பதிந்த தாள், கண்ணாடியின் பாக எண். காப்பீடு மூலம் கண்ணாடி மாற்றுகிறீர்கள் என்றால், காலிபிரேஷனும் அதில் சேருமா என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கண்ணாடி ஒரு கடையிலும் காலிபிரேஷன் இன்னொரு இடத்திலும் என்றால், இரண்டுக்கும் நடுவே கார் எப்படிப் போகப்போகிறது என்றும் கேளுங்கள். அந்த இடைவெளியில் நீங்களே ஓட்ட வேண்டி வந்தால், லேன் அசிஸ்ட்டையும், முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் அடாப்டிவ் குரூஸையும் அணைத்துவிடுங்கள். தானியங்கி பிரேக்கை அணைத்தாலும் பல கார்களில் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது தானாக உயிர்பெறும். அதனால் காரணமில்லாமல் கார் திடீரென்று பிரேக் போடலாம் என்ற எண்ணத்தோடு, பின்னால் வருபவருக்கு இடம் விட்டு, மெதுவாகவே ஓட்டுங்கள்.

கண்ணாடி மாற்றும்போது மட்டும் இது தேவைப்படும் என்று நினைத்துவிட வேண்டாம். கேமராவைக் கழற்றி மாட்டியிருந்தால், முன்பக்கம் மோதியிருந்தால், ஏர்பேக் விரிந்திருந்தால், சஸ்பென்ஷன் பாகங்கள் மாற்றியிருந்தால், பல மாடல்களில் வீல் அலைன்மென்ட் செய்தால்கூட, மறுபடி காலிபிரேஷன் கேட்கப்படும். அலைன்மென்ட்டுக்குக் காரை விடும்போது, கேமரா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி, பழைய காலிபிரேஷன் தாளையும் காட்டுங்கள்.